சுப்பர் பைனல்: மகளிர் ஆட்டத்துக்கும் மாலை நேரம் வேண்டும்

சுவிற்சர்லாந்தில் உனிஹொக்கி விளையாடும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோர் குழு வெளியிடும் நிலைப்பாடு

உலகம் ஃப்ளோர்போல் என்று அழைக்கும் ஆட்டத்துக்குச் சுவிஸில் உனிஹொக்கி என்று பெயர். அதன் உயர்மட்ட லீக்கில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் சம்பியன் பட்டம் ஒரே நாளில், ஒரே அரங்கில் முடிவாகிறது. வழக்கமாக மகளிர் ஆட்டம் முதலில், ஆண்கள் ஆட்டம் அதன்பின். இந்த வரிசை ஆண்டுக்காண்டு மாறி வர வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம். மகளிர் இறுதியாட்டத்தை வேறொரு நாளுக்குப் பிரித்துவிடலாம் என்ற யோசனையை நாங்கள் ஆதரிக்கவில்லை.

2015க்கு முன் இறுதிச் சுற்று பல ஆட்டங்கள் கொண்ட தொடராக, கழகங்களின் சொந்த மண்டபங்களில் நடந்தது. அந்த ஆண்டு க்ளோட்டன் பனிஹொக்கி அரங்கில் ஒற்றை ஆட்ட சுப்பர் பைனல் தொடங்கியது. தொடரின் விறுவிறுப்பு போய்விட்டது என்று வருந்துவோர் எங்களுக்குள்ளும் உண்டு. ஆனாலும் கூர் நகரின் பிரான்ஹா போன்ற மகளிர் அணி ஆயிரக்கணக்கானோர் முன், தொலைக்காட்சி நேரலையில் ஆடும் வாய்ப்பு அதனால்தான் வந்தது. தனி நாளுக்குப் போனால் அது கைநழுவும்.

இந்த ஆட்டத்தில் பெண்களுக்கென்று எதுவும் குறைத்து வைக்கப்படவில்லை. அதே 40க்கு 20 மீற்றர் ஆடுகளம், அதே அரை மீற்றர் உயரத் தடுப்பு, அதே 23 கிராம் ஓட்டைப் பந்து, தலா இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். கையில் மட்டையே இல்லாமல் முழந்தாளில் நின்று பந்தை நெஞ்சில் வாங்கும் கோல்காப்பாளரும் அப்படியே. 2022 முதல் லீக்கின் பெயரும் இரு பிரிவுக்கும் ஒன்று. நேரம் மட்டும் ஏன் வேறு?

தரத்தைக் காரணம் காட்டுவோருக்கு ஒரு நினைவூட்டல். சுவிஸுக்கு முதல் உலகப் பட்டத்தைக் கொண்டுவந்தது மகளிர் அணி, 2005இல் சிங்கப்பூரில். 2019இல் நொய்சாத்தல் உலகப் போட்டியின் அரையிறுதியில் செக் அணியிடம் 2க்கு 6 என்று பின்தங்கி நின்றார்கள். கடைசிச் சில நிமிடங்களில் சமன் செய்து, மேலதிக நேரத்தில் 7க்கு 6 என்று வென்றார்கள். இறுதியாட்டத்தில் சுவீடனிடம் தோற்றதும் மேலதிக நேரத்தில்தான். அந்த அரையிறுதியைப் பார்த்த பிள்ளைகள் எங்கள் வீடுகளில் இப்போதும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பெரியவர்களுக்குத்தான் மறந்துவிடுகிறது.

முதலில் ஆடுவதில் என்ன குறை என்று கேட்கலாம். ஒரே ரிக்கற்றில் இரண்டு ஆட்டம் என்றால் கூட்டம் மெதுவாகத்தான் சேரும். முதல் பகுதியில் இருக்கைகள் வெறுமையாகக் கிடக்க, மூன்றாம் பகுதியில்தான் அரங்கு நிறையும். ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனால், அடுத்த அணிகள் உடல் சூடேற்றக் களத்துக்காகக் காத்திருக்கும். கோப்பையைத் தூக்கியவர்கள் அவசரமாக இறங்க வேண்டும். பிரதான கச்சேரிக்கு முன் மேடை ஏற்றப்பட்ட இளம் வித்துவானின் நிலை அது.

வரிசையை மாற்றினால் ஆண்கள் ஆட்டம் முடிந்ததும் கூட்டம் எழுந்துபோகும் என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். ஒரு பகுதியினர் போவார்கள்தான். தோற்ற கழகத்தின் ஆதரவாளர்கள் பேருந்தைப் பிடிக்கவே பார்ப்பார்கள். முதல் ஓரிரு ஆண்டுகள் அந்த வெற்றிடம் கமெராவில் தெரிந்தாலும் பரவாயில்லை என்கிறோம். மாலை ஆட்டத்தைப் பார்க்கும் வழக்கம், மாலை ஆட்டம் நடந்தால்தானே வரும்?

வழமையான பருவத்தில் ஒரே கழகத்தின் இரு அணிகளும் ஒரே மண்டபத்தில் ஆடும் நாட்களுக்கும் வரிசையை மாறி மாறி வைக்கும் இதே முறை பொருந்தும்.

இதில் எங்களுக்கென்ன அக்கறை? எங்கள் பிள்ளைகள் பலர் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில்தான் இந்த மட்டையை முதலில் பிடித்தார்கள். எட்டு வயதில் பெண்ணும் பையனும் கலந்து ஆடுகிறார்கள். பதினைந்தை நெருங்கும்போது பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக விலகுவதைப் பார்க்கிறோம். தொழிற்பயிற்சி, இரவுப் பயணம், வீட்டுத் தயக்கம் என்று காரணங்கள் பல. (சனிக்கிழமை தமிழ் வகுப்பா, போட்டியா என்ற பிணக்கும் உண்டு, அதற்குத் தனி அறிக்கையே வேண்டும்.) இறுதியாட்ட நேரம் மாறினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. செலவில்லாமல் உடனே செய்யக்கூடியது அது என்பதால் அதைக் கேட்கிறோம்.

இந்த நிலைப்பாட்டை ஜேர்மன், பிரெஞ்சு மொழிகளிலும் சுவிஸ் உனிஹொக்கி சம்மேளனத்துக்கும் கழகங்களுக்கும் அனுப்புகிறோம். வரிசை மாறும்வரை, சுப்பர் பைனலுக்குச் செல்லும் எங்கள் குடும்பங்கள் மகளிர் ஆட்டத்தின் முதல் விசிலுக்கு முன்பே இருக்கையில் இருக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.