ஓப்பனரே வேண்டாத மூடி: கோலி சோடா சொல்லும் பாடம்

சின்ன காஞ்சிபுரத்தில் வைகாசி கருட சேவைக் கூட்டம் கலைந்ததும் தெருவில் மிஞ்சுவது காலி பிளாஸ்டிக் பாட்டில்கள்தான். குடித்துவிட்டுத் தூக்கி எறிய வேண்டாத பாட்டில் 1872-லேயே வந்துவிட்டது.

இங்கிலாந்தின் ஹிராம் காட் காப்புரிமை பெற்ற அந்த பாட்டில்தான் நம்ம கோலி சோடா. உள்ளே இருக்கும் கேஸ், கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு அழுத்திப் பிடிக்கும். கட்டை விரலால் ஓர் அழுத்து, திறந்தாச்சு. ஓப்பனரும் வேண்டாம், தூக்கிப் போட மூடியும் இல்லை. கழுவி மறுபடி நிரப்பலாம்.

ஆனால், பாட்டில் கடைக்குத் திரும்பினால்தான் இது நடக்கும். நீலகிரியில் 2022 முதல் மது பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறது டாஸ்மாக். மதுவுக்கு முடிந்தது, சோடாவுக்கு முடியாதா? கோயிலைச் சுற்றியுள்ள கடைகளிலாவது அடுத்த கருட சேவைக்குள் ஆரம்பிக்கலாம்.