குமரிக்கு வேன் ஏறும் நம் ஊராருக்கு

புதுச்சேரியின் பாகூர், வில்லியனூர் கொம்யூன்களைச் சேர்ந்த ஊராரே!

முழுப் பரீட்சை முடிந்ததும் நம் தெருக்களில் வேன் பேச்சு ஆரம்பமாகிவிடும். தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போடுவார்கள், ஏலச்சீட்டு எடுத்த பணம் வெளியே வரும், ஜன்னல் சீட்டுக்குப் பிள்ளைகள் சண்டை போடும். திருச்செந்தூரில் சாமி கும்பிட்டு, கன்னியாகுமரியில் சூரிய உதயம் பார்த்து, திற்பரப்பில் குளித்து, திரும்பும் வழியில் குற்றாலம் என்று ஒரு சுற்று. கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட சாமிகளில் பலர் சபரிமலையிலிருந்து திரும்புவதும் இந்த வழியாகத்தான். போகாதீர்கள் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. வரப்பையும் வாய்க்கால் கரையையும் தவிர மேடு என்று ஒன்றைப் பார்க்காத ஊர்க்காரர்கள் நாம். மலையும் கடலும் ஒரே பார்வையில் தெரிகிற ஊரை வாழ்நாளில் ஒரு முறையாவது பார்க்கத்தான் வேண்டும். போன இடத்தில் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பற்றித்தான் எங்கள் ஊரான குருவிநத்தத்திலிருந்து இந்த வேண்டுகோள்.

2024 மே மாதம் நடந்த இரண்டு சம்பவங்களை நினைவுபடுத்துகிறோம். மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்திலுள்ள லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்துபோனார்கள். உடன் படிப்பவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த பிள்ளைகள். கடல் கொந்தளிக்கும் என்று ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. கடற்கரைக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்ததாகவும், பக்கத்துத் தோப்பு வழியாக அவர்கள் இறங்கியதாகவும் அன்றைய செய்திகள் சொல்லின. பதினோரு நாள் கழித்து, மே 17ஆம் தேதி, பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின் மேல் திடீரென்று காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. பதினேழு வயதுப் பையன் ஒருவனை அது அடித்துக்கொண்டு போய்விட்டது. ஒன்று கடல், ஒன்று மலை. நம் வேன்கள் போகும் அதே வழி, அதே மாதம்.

இந்த இரண்டையும் நம் ஊர்க்காரர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ள முடியும். 2024 நவம்பர் 30ஆம் தேதி ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கொட்டித் தீர்த்த மழைக்கே பாதி ஊர் மூழ்கியது. ஆனால் பாகூர்ப் பக்கத்து ஊர்களை உண்மையில் புரட்டிப் போட்டது அதற்கு அப்புறம் வந்த தண்ணீர்தான். ஊத்தங்கரையிலும் திருவண்ணாமலையிலும் பெய்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து, அங்கே விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட, தென்பெண்ணை கரையை மீறி வயலுக்கும் வீட்டுக்கும் வந்தது. நம் தலைக்கு மேல் மழை ஓய்ந்திருந்தது. வெயில்கூட எட்டிப் பார்த்தது. வானம் வெளுத்தால் ஆபத்து போய்விட்டது என்று நினைத்தவர்கள் எல்லாம் மொட்டை மாடிக்கு ஏறவேண்டியிருந்தது.

குற்றாலத்தில் நடந்ததும் இதே கதைதான். அருவியின் அடியில் வெயில் அடிக்கும். மேலே மலையில் ஒரு மணி நேரம் மழை பிடித்திருக்கும். பெண்ணையாற்று வெள்ளம் சாத்தனூரிலிருந்து நம்மிடம் வர மணிக்கணக்கில் நேரம் இருக்கிறது. ஒலிபெருக்கியில் சொல்லவும், மாட்டை அவிழ்த்துவிடவும் அவகாசம் கிடைக்கும். செங்குத்தான மலையில் அந்த அவகாசம் கிடையாது. அருவித் தண்ணீர் கலங்கிச் செம்மண் நிறத்துக்கு மாறினால், சருகும் குச்சியும் சேர்ந்து வந்தால், சத்தம் கூடினால், எண்ணெய் தேய்த்த தலையோடு இருந்தாலும் வெளியே வந்துவிட வேண்டும். காவலர் விசில் அடித்தால் 'இன்னும் அஞ்சு நிமிஷம் சார்' என்று பேரம் பேசக் கூடாது.

லெமூர் கடற்கரையில் அன்று எழும்பியதைக் கேரளத்து மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். குமரிக் கரையிலும் அந்தப் பேச்சு உண்டு. பல ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல்காற்று அடிக்கும்போது நீளமான அலைகள் கிளம்புகின்றன. அவை நடுக்கடலில் அதிகம் தெரியாமல் நாள் கணக்கில் பயணம் செய்து, நம் கரையின் ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் எழும்புகின்றன. இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது. கால் நனைத்துக்கொண்டு நிற்பவர் இடுப்புக்கு மேல் தண்ணீர் வந்த பிறகுதான் சுதாரிப்பார். அதற்குள் பின்வாங்கும் தண்ணீர் காலடி மணலை வாரிக்கொண்டு போயிருக்கும். முட்டம் மாதிரிப் பாறைக் கரைகளில் இன்னும் மோசம். பாறையில் அடித்துத் திரும்பும் அலையும் புதிதாக வரும் அலையும் மோதுகிற இடத்தில் நீச்சல் தெரிந்தவருக்கும் வேலை இல்லை. மூர்த்திக்குப்பத்திலும் பனித்திட்டிலும் சின்ன வயதிலிருந்து கடலில் விளையாடியவன் என்கிற தைரியத்தை இளைஞர்கள் இங்கேயே வைத்துவிட்டுப் போகட்டும். பாசி படிந்த பாறையின் விளிம்பில் நின்று செல்பி எடுக்கும் ஆசையையும் அதோடு சேர்த்து.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் படகு சில நாள் ஓடாது. காற்று அதிகம், நீர்மட்டம் குறைவு, கடல் சீற்றம் என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். 'ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் வந்திருக்கிறோம், விடுங்கள்' என்று டிக்கெட் கவுன்ட்டரில் சத்தம் போடுகிறவர்களில் நம் ஊர்க் குரலும் கேட்கிறது. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தபோது அந்தப் பாறையில் பல நூறு பேர் சிக்கித் தவித்ததை அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படகு ஓடாத நாளில் கரையிலிருந்தே வள்ளுவர் சிலையைப் பாருங்கள். பீடத்தோடு சேர்த்து 133 அடி. எங்கிருந்து பார்த்தாலும் தெரிவார்.

இனி குப்பைக்கு வருவோம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும்.

தென்பெண்ணைக்கு நாம் கடைமடை. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, பெங்களூருக் கழிவையும் சேர்த்துக்கொண்டு, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்கி வரும் ஆறு இது. மேலே இருப்பவர்கள் போடுவதெல்லாம் கடைசியில் நம்மிடம் வந்து சேர்கிறது என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! சனி, ஞாயிறு வந்தால் வெளியூர்க் கார்கள் ஆற்றங்கரையில் நிற்பதும், திங்கட்கிழமை காலையில் உடைந்த பாட்டிலை மிதித்த மாட்டின் குளம்புக்கு மருந்து போடுவதும் இங்கே புதிதில்லை. புதுச்சேரிக்கு வருகிற சுற்றுலாக்காரர்களை நாம் திட்டாத திட்டு இல்லை.

அதே நாம் குமரிக்குப் போனால்? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வெட்டவெளியில் வேனை நிறுத்தி, ஸ்டவ்வை இறக்கி, சமைத்துச் சாப்பிட்டு, பிளாஸ்டிக் பூசிய தட்டுகளைக் குவித்துவிட்டு, மீந்த சாம்பாரைச் சாக்கடையில் கொட்டிவிட்டு வண்டி ஏறுகிறோம். திற்பரப்பில் ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழித்த இடத்திலேயே துப்புகிறோம். பாவநாசத்திலும் முக்கடல் துறையிலும் தலை முழுகிவிட்டு உடுத்திய துணியைத் தண்ணீரில் விட்டால் தோஷம் போகும் என்று யாரோ சொன்னதை நம்பி வேட்டியையும் புடவையையும் விட்டுவிட்டு வருகிறோம். தோஷம் போகிறதோ இல்லையோ, அந்தத் துணியை டன் கணக்கில் அள்ளுகிற வேலை அங்கே யாருக்கோ வருகிறது.

தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவில் நாமே என்ன செய்கிறோம் என்பதையும் பேசாமல் விட முடியாது. மறுநாள் காலையில் மணலில் இறங்கிப் பார்த்தால் கரும்புச் சக்கையும் சிறுவள்ளிக்கிழங்குத் தோலும் கிடக்கும். அது மாட்டுக்கும் மண்ணுக்கும் போகும். அதற்கு நடுவே பாதி மணலில் புதைந்து கிடக்கும் கேரி பேக், தண்ணீர் பாக்கெட், சுருளி அப்பளம் வாங்கிய பிளாஸ்டிக் உறை எல்லாம் ஆற்றில் அடுத்த தண்ணீர் வந்ததும் கடலுக்குத்தான் போகும். சொந்த ஆற்றிலேயே இப்படி என்றால் அடுத்தவர் அருவியில் கேட்கவா வேண்டும்?

குமரியில் மாத்தூர் தொட்டிப் பாலத்தில் நடக்கும்போது கீழே பள்ளத்தைப் பார்த்து வாய் பிளக்கிறோம். நூறு அடிக்கும் மேல் உயரம், கிட்டத்தட்ட நானூறு மீட்டர் நீளம், அறுபதுகளில் கட்டியது. ஆனால் பக்கத்தில் ஓடும் தண்ணீரை யாரும் பார்ப்பதில்லை. அது கல்குளம், விளவங்கோடு பக்கத்து வயலுக்குப் போகும் தண்ணீர். பங்காரு வாய்க்கால் தூர்ந்தால் பாகூர் ஏரி என்ன ஆகும் என்று தெரிந்த நாம், தொட்டிப் பாலத்துத் தண்ணீரில் தின்பண்ட உறையைப் போடலாமா?

தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. குற்றாலத்தில் எண்ணெய், சோப்பு, ஷாம்புக்கும் தடை. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதால், 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி ஏற முடியாது. நம்மைப் போன்றவர்கள் அடங்கி நடந்திருந்தால் மலை ஏறுவதற்குச் சீட்டு வாங்கும் நிலை வந்திருக்காது என்பது எங்கள் கருத்து.

பாட்டில் விஷயம் நமக்கே உரிய விஷயம். நம் ஊர்ச் சரக்கு விலை குறைவு என்று பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினால் அது மதுக்கடத்தல் வழக்கு. வைத்திருந்தது ஒருவர் என்றாலும் வேன் மொத்தமும் ஸ்டேஷன் வாசலில் நிற்கும். பெண்களும் குழந்தைகளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தவிர, அருவியிலும் கடலிலும் போகும் உயிர்களில் குடித்துவிட்டு இறங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அங்கங்கே உள்ள மீனவர்களைக் கேட்டால் தெரியும். உடலைத் தேடிப் போகிறவர்களும் அவர்கள்தானே.

அந்த மீனவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கிப் புயலில் ஆட்களைப் பறிகொடுத்தது குமரிக் கரை. சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக அடக்கம் செய்த கரை. கடற்கரையில் வலை காய்வதும், மீன் உலர்வதும், கட்டுமரமும் வள்ளமும் ஏற்றி வைத்திருப்பதும் நாம் படம் எடுப்பதற்காக அல்ல. வலையை மிதிக்காதீர்கள். வேலை செய்யும் பெண்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். அவர்கள் பேச்சைக் கேட்டுச் சிரிக்கும் பையன்களுக்கு ஒரு செய்தி: நம் பேச்சைக் கேட்டு அவர்களும் வீட்டுக்குப் போய்ச் சிரிப்பார்கள். ஒரு மீனவர் 'இப்ப எறங்காதீங்க' என்று சொன்னால், அதுவே அன்றைய வானிலை அறிக்கை.

வேன் ஓட்டும் தம்பியை எல்லோரும் மறந்துவிடுகிறோம். ராத்திரி முழுக்க ஓட்டிக்கொண்டு வந்தவர், நாம் குளிக்கவும் சாமி கும்பிடவும் போகும் பகலில் வண்டிக்குக் கீழே பாயை விரித்துப் படுக்கிறார். வெயிலிலும் கொசுவிலும் அது தூக்கமா? மறுபடி ராத்திரி மதுரை தாண்டும்போது அவர் கண் செருகினால் யாரைக் குறை சொல்வது? பத்து இடம் பார்ப்பதை ஆறாகக் குறைத்து, ஓர் இரவு எங்கேயாவது தங்கி, அவருக்கும் ஓர் அறையில் இடம் கொடுங்கள். இரண்டு குடும்பம் மட்டும் போவதாக இருந்தால் புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரிக்கு வாரம் ஒருமுறை ரயிலே இருக்கிறது.

ஆறு இடம் என்றால் எந்த ஆறு என்று கேட்பீர்கள். அதில் இரண்டை நாங்கள் சொல்கிறோம். வட்டக்கோட்டையை விடாதீர்கள். டச்சுப் படையிலிருந்து வந்து திருவிதாங்கூர் படைக்குத் தளபதியான டிலனாய் பலப்படுத்திய கருங்கல் கோட்டை. மதில் மேல் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. கூட்டம் குறைவு. பொட்டையடிப் பக்கம் மருந்துவாழ் மலை இருக்கிறது. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையின் துண்டு என்று அங்கே சொல்வார்கள். நாராயண குரு தவம் இருந்த குகையும் அதில்தான். விடியற்காலையில் ஏறி, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட வேண்டும். தண்ணீரைப் பாத்திரத்தில் கொண்டு போங்கள், குரங்குக்கு எதையும் போடாதீர்கள், மழை மேகம் தெரிந்தால் ஏறவே வேண்டாம். மலைச்சரிவில் மழை என்ன செய்யும் என்பதைத் திருவண்ணாமலையில் பார்த்தோம். ஃபெஞ்சல் புயல் கரை கடந்த மறுநாள், 2024 டிசம்பர் 1 மாலையில், மண் சரிந்து ஒரே வீட்டில் ஏழு பேர் புதைந்தார்கள்.

ஆகவே, வேன் பிடித்துக் கூட்டம் சேர்க்கும் அண்ணன்மார்களிடமும் மகளிர் குழுத் தலைவிகளிடமும் எங்கள் கோரிக்கை இதுதான். பணம் வாங்கும்போதே, கடலிலும் அருவியிலும் யார் சொல்வதை எல்லோரும் கேட்க வேண்டும் என்று ஒருவரை முடிவு செய்துவிடுங்கள். ஒவ்வொரு நாளும் காலையில் கள்ளக்கடல் எச்சரிக்கை இருக்கிறதா, மலையில் மழை இருக்கிறதா என்று போனில் பார்ப்பது அவர் வேலை. சந்தேகம் இருந்தால் அந்தந்த மாவட்டக் கட்டுப்பாட்டு அறையை 1077இல் கேட்கலாம். வண்டியில் வாழையிலைக் கட்டு ஒன்றும், எவர்சில்வர் டம்ளர் ஒரு பையும், குப்பையை வாரிப்போட இரண்டு உரச் சாக்கும் ஏற்றுங்கள். சாக்கு நிறைந்தால் அங்கே எங்கும் தள்ளிவிடாமல், நம் ஊருக்கே கொண்டுவந்து துப்புரவுப் பணியாளரிடம் கொடுங்கள்.

இந்த விடுமுறைக்குக் கிளம்பும் முதல் வேனிலிருந்தே இதைத் தொடங்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
குருவிநத்தம் ஊர்ப் பொதுமக்கள்