வாஞ்சூர் தாண்டினால்...

கலால் வரி என்றதும், "அது குடிக்கிறவன் பாடு, விற்கிறவன் பாடு, நமக்கென்ன?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். நாகூரிலிருந்து வடக்கே புறப்படுகிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். வாஞ்சூர் வந்ததும் காரைக்கால் எல்லை. மண் அதே மண். பேச்சு அதே பேச்சு. பாட்டில் விலை மட்டும் இறங்கிவிடும்! அந்த வித்தியாசத்தை நம்பி எல்லையோரக் கடைகள். கடைகளைத் தேடி வரும் ஆண்கள். அவர்கள் எந்த நிலையில் திரும்புவார்களோ என்று நாகைப் பக்கத்து வீடுகளில் வாசலைப் பார்த்தபடி பெண்கள்.

இது நேற்று வந்த வினை அல்ல. 1948-ல் சென்னை மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பரில் கொடி மாறிற்று, கடை மாறவில்லை.

விலையைச் சமமாக்க முடியாதா என்றால், ஒரு தடவை முடிந்திருக்கிறது. 2020-ல் கொரோனா ஊரடங்கில் மூடிய கடைகளைத் திறக்க நாராயணசாமி அமைச்சரவை முனைந்தது. தமிழ்நாட்டு விலைக்கு இங்கும் உயர்த்தியாக வேண்டும் என்று துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பிடிவாதமாக நின்றார். சிறப்பு வரி போட்ட பிறகே மே 25-ல் கடைகள் திறந்தன. 2021 ஏப்ரலில் அந்த வரி போயிற்று. பழைய கதை மறுபடி தொடங்கிற்று.

வரியை ஏற்றாதே என்பவர்கள் சொல்லும் முதல் காரணம், சுற்றுலா கெடும் என்பது. புதுச்சேரிக் கடற்கரைக்கு அது பொருந்தலாம். காரைக்காலுக்கு வருகிறவர்கள் யார்? திருநள்ளாற்று நளதீர்த்தத்தில் முழுக வருகிறவர்கள். ஆனியில் அம்மையாரின் மாங்கனித் திருவிழாவுக்கு வருகிறவர்கள். சனீசுவரரைத் தரிசிக்கப் போகிறவர் பாட்டில் விலையை விசாரித்துவிட்டா பஸ் ஏறுகிறார்?

இரண்டாவது காரணம் கள்ளச் சாராயம். மெய்யான பயந்தான். ஆனால் அண்டை வீட்டு விலைக்கு மேல் ஏற்றச் சொல்லவில்லையே. சமமாக வைக்கத்தானே கேட்கிறோம்?

மூன்றாவதுதான் கனமானது: கஜானா. எல்லை தாண்டி வரும் கூட்டம் குறைந்தால் வரும்படியும் குறையலாம். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகும் மதுவின் மீது வரி போடும் அதிகாரம் சட்டசபைகளிடமே தங்கிவிட்டது. அதை விட எந்த சர்க்காருக்கு மனம் வரும்? ராஜாஜிக்கு வந்தது. 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கி, கலால் வருமானத்தை இழந்தார். 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அந்த வரியை வைதவர்கள் ஏராளம். ஆனாலும் மனிதர் கணக்கின் இரண்டு பக்கத்தையும் சபையில் வைத்தார்.

புதுவைச் சட்டசபையில் தேர்ந்தெடுக்கப்படும் 30 பேரில் காரைக்காலுக்கு 5 இடம். நெடுங்காடோ, நிரவியோ, உங்கள் தொகுதி எதுவானாலும், அடுத்த முறை கலால் வரி பேச்சு எழும்போது உங்கள் அங்கத்தினரைக் கேளுங்கள்: "ஐயா, நீங்கள் ஏற்றச் சொல்வீர்களா, இறக்கச் சொல்வீர்களா? இறக்கத்தான் வேண்டுமென்றால், அது எந்த ஊர்ச் சுற்றுலாவுக்காக?"