புழைக்கடைக்கும் கடன்பெயரா?

வீட்டின் பின்புறத்தே ஏனங் கழுவவும் துணி துவைக்கவும் நம் முன்னோர் ஒதுக்கிய இடத்திற்குப் புழைக்கடை என்று பெயர். இன்று சேலத்திலும் நாமக்கல்லிலும் எழும் புதுமனைகளின் வரைபடத்தில் அது 'யுடிலிட்டி' ஆகிவிட்டது. பெயர்தானே என்று வாளாவிருப்பார் உளர். பெயரோடு தரையும் மாறியதை அவர் கண்டிலர். புழைக்கடை என்றிருந்தவரை அங்கே நீரும் சாம்பலும் புழங்கும் என்றறிந்து தரையிட்டனர். 'யுடிலிட்டி' ஆனதும் அதுவும் காட்சியறையாயிற்று. கூடத்தின் பளபளப்பு அங்கும் வேண்டுமாம்!

கடைத்தெருவைப் பாருங்கள். 'மார்பிள்', 'கிரானைட்', 'டைல்ஸ்' என்று தமிழெழுத்தில் ஆங்கிலம் தொங்குகின்றது. இராசத்தானத்து மக்ரானாவிலிருந்து சலவைக்கல்லும், குசராத்து மோர்பியிலிருந்து சுட்ட ஓடுகளும், ஆந்திரத்துக் கடப்பையிலிருந்து பலகைக்கற்களும் வந்து குவிகின்றன. நாமக்கல் பாறையைக் குடைந்து அதியர் மரபினர் 8-ஆம் நூற்றாண்டில் கோயில் கண்ட மண்ணில், கல்லுக்காகப் பிறன் வாயிலில் நிற்பது தகுமா?

அயலது என்ற ஒன்றனால் மட்டும் இதனைத் தள்ளச் சொல்கின்றோமல்லோம். ஆராய்ந்தே சொல்கின்றோம். சலவைக்கல்லும் கடப்பைக்கல்லும் சுண்ணகக் கற்கள். நம் பக்கத்து ஆழ்குழாய் நீரோ பல ஊர்களில் உவர்நீர். காய்ந்தால் தரையில் வெண்படிவு தங்கும். அதனைப் போக்க இல்லத்தார் 'ஆசிட்' எனப்படும் காடியை ஊற்றுகின்றனர். படிவும் சுண்ணகம், கல்லும் சுண்ணகம்; படிவைத் தின்னும் காடி கல்லை மட்டும் விட்டுவைக்குமா? மெருகு போய்க் குழி விழும். புளியும் எலுமிச்சையும் அதனையே மெல்லச் செய்யும். கருங்கல்லை இவை அவ்வாறு அரிப்பதில்லை. ஐயுறுவார் வாங்குமுன் ஒரு துண்டில் எலுமிச்சைச் சாற்றைத் துளியிட்டுச் சிறுபொழுது கழித்துத் துடைத்துப் பார்க்க. மங்கினால் அது புழைக்கடைக்கு ஆகாது.

கருங்கல் வழுக்குமே என்பர். வழுக்குவது கல்லன்று, அதன்மேல் ஏற்றிய மெருகு. தீயால் பொரித்தோ உளியால் கொத்தியோ சொரசொரப்பாக்கிய முகத்தைக் கேட்டு வாங்குக. 100-க்கு 1 என்னும் அளவிலேனும் நீர்வாய் நோக்கி வாட்டம் வைக்கக் கொத்தனாரிடம் சொல்க. வாட்டமில்லாத் தரையில் எக்கல்லும் பாசி பிடிக்கும்.

விலை மிகுமே, மலையும் அழியுமே என்பர். 6 அடிக்கு 8 அடி அறைக்கு வேண்டுவது 48 சதுர அடியே. அறுவைப் பட்டறைகளில் ஒதுக்கிக் கிடக்கும் துண்டுகளே இதற்குப் போதும். புதிதாய் ஒரு பாறையையும் பிளக்க வேண்டா. அவற்றையும் நீர்விட்டே அறுக்கச் சொல்க. உலர அறுத்தால் எழும் கல்தூள் அறுப்பவன் நுரையீரலை அரிக்கும். நம் தரைக்காக ஒரு தமிழ்த்தொழிலாளி மூச்சிழத்தல் கூடாது.

இனி, பெயரின் வலிமையைக் கேளுங்கள். சென்னைப் பல்லாவரத்துக் குன்றின் கல், கும்பினி அலுவலன் யோபு சார்னாக்கு என்பானின் கல்லறைக்காகக் கல்கத்தாவிற்குப் போயிற்று. 1893-இல் ஆலந்து என்னும் ஆங்கில நிலநூலார் அக்கல்லறையை ஆராய்ந்து, அக்கல்லினத்திற்கே 'சார்னாக்கைட்டு' என்று பெயரிட்டார். நம் சேர்வராயன் மலையும் அவ்வினக் கல்லே. குன்று நம்முடையது, உளி நம்முடையது, பெயர் மட்டும் செத்த வெள்ளையனுடையது! அன்று பெயரிட நமக்கு அதிகாரமில்லை. இன்று நம் வீட்டுப் பின்கட்டுக்குப் பெயரிடவுமா அதிகாரமில்லை?

சேலம் நகராட்சிக் கல்லூரியில் 1944 முதல் 1956 வரை தமிழ் பயிற்றிய பாவாணர் சொல்லுக்கு வேர்கண்டு காட்டிய மண் இது. இம்மண்ணில் மனையெழுப்பும் தமிழரே! வரைபடத்தில் 'யுடிலிட்டி'யை அடித்துப் புழைக்கடை என்றெழுதுங்கள். கடையில் 'கிரானைட்' கேளாதீர், கருங்கல் கேளுங்கள். கேட்பவர் பலரானால் கடைக்காரர் பலகை தானே மாறும்.