வீட்டுக்காரர் உத்தியோகம்தான் தகுதியா?

மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை 2023 செப்டம்பர் 15ல் தொடங்கியபோது, எங்கள் இளையரசனேந்தல் பக்கம் அதைப் பேசாத வீடே கிடையாது. மானாவாரிக் கரிசல் பூமி. மழை பொய்த்தால் பெண்களுக்குத் தீப்பெட்டி ஆபீஸ்தான் கதி.

வீட்டில் நாம் செய்யும் சம்பளமில்லாத வேலைக்கு அங்கீகாரம் என்று சொல்லித்தான், 'உதவி' என்றில்லாமல் 'உரிமை' என்று பெயர் வைத்தார்கள். சந்தோஷம். ஆனால் விதி என்ன? குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை 5 ஏக்கர் அல்லது புஞ்சை 10 ஏக்கருக்குள், கரண்ட் 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். வீட்டுக்காரர் அரசு ஊழியர் என்றால் மனு தள்ளுபடி. அடுப்படியில் வேகிறது நாம். கணக்குப் பார்ப்பது அவர் சம்பளத்தை!

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா. கணவருக்கு அரசு வேலை. சம்பளம் வந்த மூணாம் நாளே பாதி காலி, மீதி கடனுக்கு. அக்கா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்த்தான் பிள்ளைகளுக்கு நோட்டு வாங்குகிறார். ஊரில் கேட்டால், "உனக்கென்னம்மா, கவர்மெண்டு சம்பளம்லா!" என்கிறார்கள். மதிப்பு இருக்கிறது, மடியில் காசு இல்லை.

ஆண்கள் கதை வேறு. டீச்சரைக் கட்டினவரை 'டீச்சர் வீட்டுக்காரர்' என்று கேலி பேசுவோம் (நானும் பேசியிருக்கிறேன்). ஆனால் அந்தச் சம்பளத்தைக் காட்டி பேங்க் லோன் வருகிறது. கோவில்பட்டியில் மனை வாங்குகிறார். பத்திரம் பெரும்பாலும் அவர் பெயரில்தான். மனைவி உத்தியோகத்தால் அவர் ஏறின படி அவருக்கே சொந்தம். கணவர் உத்தியோகத்தால் நாம் ஏறும் படியோ, அவர் மனசு வைக்கிற வரைக்கும்தான்.

பெண்ணைத் தனியாகப் பார்க்க அரசாங்கத்துக்குத் தெரியாமல் இல்லை. 2021ல் டவுன் பஸ்ஸில் இலவசம் வந்தபோது, வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கண்டக்டர் கேட்கவில்லை. மத்திய அரசின் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் 'கிரீமி லேயர்' பார்க்கும்போதுகூட, கல்யாணமான பெண்ணுக்குப் பெற்றோர் நிலைமையைத்தான் பார்க்கிறார்கள். புருஷன் சம்பளத்தை அல்ல.

எல்லா அதிகாரி வீட்டுக்கும் ஆயிரம் ரூபாய் கொடுங்கள் என்று சொல்லவில்லை, கஜானா தாங்காது. 2025ல், சிறப்புக் காலமுறை ஊதியத்தில் ஓய்வு பெற்றவர்கள் வீட்டுப் பெண்களுக்கு விதியைத் தளர்த்தினார்கள் அல்லவா? அதேபோல மனுவில், 'உங்கள் கையில் மாதம் என்ன வருகிறது?' என்று ஒரு கேள்வி சேர்க்கட்டும். பதில் சரியா என்று தெருவில் நாலு பெண்களிடம் விசாரித்தாலே தெரிந்துவிடும்.

- ஒரு வாசகி, இளையரசனேந்தல்.