பெயரில்லாத பிறேமும் பெயர் செய்கிற வேலையும்

காபன் சைக்கிள் எண்டு கதை எடுத்தால் எங்கட ஆக்களிடமிருந்து இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "சைனா பிறேமோ? உடைஞ்சு விழுந்தால் பல்லும் மிஞ்சாது." மற்றது, "எல்லாம் ஒரே பக்டரியிலதான் செய்யிறாங்கள், பெயருக்குத்தான் காசு." முதலாவதைச் சொல்கிறவர் பயத்தில் சொல்கிறார், இரண்டாவதைச் சொல்கிறவர் ஆசையில் சொல்கிறார். இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை நம்பிக் காசைக் கொடுத்தால் காசு மட்டும் போகாது. இறக்கத்தில் மணிக்கு ஐம்பது கிலோமீற்றரில் வரும்போது முன் போர்க் முறிந்தால் என்ன நடக்கும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

நாங்கள் சொல்ல வருவது இதுதான். பெயரில்லாத காபன் பிறேம் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு பெயர் வெறும் ஸ்ரிக்கர் அல்ல, அது சில வேலைகளைச் செய்கிறது. பெயரை வேண்டாம் என்று விட்டால் அந்த வேலைகள் எல்லாம் எங்கட தலையில் வந்து விழும். அதைச் செய்ய ஆயத்தம் என்றால் வாங்குங்கோ. இல்லையென்றால் நல்ல அலுமினியச் சைக்கிள் ஒன்றே போதும்.

முதலில் அந்த "ஒரே பக்டரி" கதையைப் பார்ப்போம். ஒருவர் செய்ய இன்னொருவர் பெயர் போடுவது சைக்கிள் உலகில் புதிதல்ல. 1972 இல் தாய்வானில் தொடங்கிய ஜயன்ற் நிறுவனம் ஆரம்பத்தில் பிறருக்குச் செய்து கொடுத்தே வளர்ந்தது. அமெரிக்காவின் பழம்பெரும் பெயரான ஷ்வின்னுக்கும் அது சைக்கிள் செய்து கொடுத்தது. 1981 இல் தன் சொந்தப் பெயரில் விற்கத் தொடங்கியது. 1992 இல் ஷ்வின் வங்குரோத்தானது. செய்து கொடுத்தவர் இன்று உலகின் மிகப் பெரிய சைக்கிள் உற்பத்தியாளர்களில் ஒருவர். இன்று உலகில் விற்கும் காபன் பிறேம்களில் மிகப் பெரும்பாலானவை தாய்வானிலும் சீனாவிலும்தான் செய்யப்படுகின்றன. ஆகவே "சைனா" என்ற ஒரு சொல்லை வைத்துத் தரத்தை அளக்க முடியாது.

ஆனால் ஒரே ஊர், ஒரே கூரை என்பதால் ஒரே பிறேம் ஆகிவிடாது. காபன் பிறேம் இரும்பைப் போலக் குழாயை வெட்டி ஒட்டுகிற வேலை அல்ல. பிசின் ஊறிய காபன் நார்த் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் குறித்த திசையில் கையால் அடுக்கி, உலோக மோல்டுக்குள் வைத்து, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்துச் சூடாக்கி இறுக்குகிறார்கள். நார் தன் நீளத்துக்கு மிக வலியது, குறுக்குக்கு அப்படியல்ல. அதனால் எந்த இடத்தில் எத்தனை அடுக்கு, எந்தத் திசையில் என்பதில்தான் முழு விசயமும் இருக்கிறது. ஒரே மோல்டில் இருந்து ஒரு நல்ல பிறேமும் வரலாம், மடிப்பும் வெற்றிடமும் உள்ள ஒரு கெட்ட பிறேமும் வரலாம். வண்ணம் பூசின பிறகு இரண்டும் வெளியே ஒரே மாதிரித்தான் இருக்கும்.

இதனால்தான் விளம்பரங்களில் வரும் "ரி800", "ரி1000" என்ற எண்களைப் பார்த்து மயங்கக்கூடாது. அவை ரோறே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் நார் வகைகளின் பெயர்கள். நார் எவ்வளவு வலியது என்று அவை சொல்லும், அதை அடுக்கினவர் ஒழுங்காக அடுக்கினாரா என்று சொல்லாது. நல்ல அரிசி வாங்கினதால் மட்டும் சோறு குழையாமல் வராது.

அப்ப பெயர் செய்கிற வேலை என்ன? பிறேமை உடைத்துப் பார்த்துச் சோதிக்கிறது. அளவுகளைச் சரியாக அச்சிட்டுத் தருகிறது. உடைந்தால் மாற்றித் தருகிறது. எல்லாவற்றையும் விட முக்கியமானது, பிழை தெரிந்தால் திருப்பி அழைக்கிறது. பெரிய பெயர்களும் போர்க், ஹாண்டில் போன்றவற்றில் பிழை கண்டு, விற்றவற்றைத் திருப்பி அழைத்திருக்கின்றன. பெயர் உள்ளவனும் பிழை விடுவான், ஆனால் அவன் உங்களைத் தேடி வருவான். பெயரில்லாத பிறேமில் அப்படி ஒரு அழைப்பு வராது.

பெயரில்லாததையும் பொய்ப்பெயர் உள்ளதையும் கலக்கவும் கூடாது. மோல்டை ஒரு தொழிற்சாலை சொந்தமாக வைத்து, கேட்கிற ஆருக்கும் வெறும் கறுப்புப் பிறேமாக விற்பது நேர்மையான வியாபாரம். இதை ஓப்பின் மோல்ட் என்பார்கள். இத்தாலியப் பெயரை ஒட்டி, பத்தில் ஒரு பங்கு விலைக்கு விற்பது திருட்டு. அதை ஒருபோதும் வாங்காதேங்கோ. காரணம் ஒழுக்கம் மட்டும் அல்ல. வெளியில் தெரிகிற பெயரிலேயே பொய் சொல்கிறவன், உள்ளே தெரியாத அடுக்கில் உண்மையாக இருப்பான் என்று நம்ப எங்களுக்கு ஒரு காரணமும் இல்லை.

இனித் தெரிவு. முதல் வேலை உடம்புக்குப் பொருந்துகிற அளவு. 52, 54 என்ற எண்கள் ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒவ்வொரு மாதிரி. பார்க்க வேண்டியவை இரண்டு: ஸ்டக், ரீச். பெடல் அச்சின் நடுவிலிருந்து, ஹாண்டில் இறங்குகிற முன்குழாயின் மேல் விளிம்பு நேர் உயரத்தில் எவ்வளவு என்பது ஸ்டக், நேர் முன்னே எவ்வளவு என்பது ரீச். இப்போது ஓடுகிற சைக்கிள் உடம்புக்குச் சரி என்றால் அதை வீட்டிலேயே அளக்கலாம். சமதரையில் பின்சில்லைச் சுவரில் முட்ட நிமிர்த்தி வையுங்கோ. சுவரிலிருந்து இரண்டு புள்ளிகளுக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியாக அளந்து கழித்தால் ரீச். நிலத்திலிருந்து இரண்டின் உயரத்தையும் அளந்து கழித்தால் ஸ்டக். ஒரு மேசனின் தூக்குக்குண்டும் அளவுநாடாவும் போதும். புதுப் பிறேமின் எண்கள் இதற்குக் கிட்ட இருக்கவேண்டும். ஸ்டக் மிகக் குறைந்தால் அது பந்தயக்காரரின் வடிவம்: படத்தில் வடிவாய் இருக்கும், இரண்டு மணித்தியாலத்தில் முதுகு பிடிக்கும்.

இரண்டாவது விதி இன்னும் முக்கியம் என்று நினைக்கிறோம். ஒவ்வொரு இணைப்பிலும், எங்கேயும் கிடைக்கிற பொது அளவையே எடுங்கோ. பொட்டம் பிரக்கெற், அதாவது பெடல் அச்சு இருக்கிற கூடு, புரி வெட்டினதாக இருக்கட்டும். பி.எஸ்.ஏ என்ற பழைய 68 மில்லிமீற்றர் அளவு கிடைத்தால் மிக நல்லது, ரி47 உம் பரவாயில்லை. அழுத்திப் பொருத்துகிற வகையில் துளை கொஞ்சம் பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிறீச்சிடலாம், அந்தப் பிசகைத் திருத்துவது சுலபமல்ல. சீற் தண்டு 27.2 மில்லிமீற்றர் வட்டமாக இருக்கட்டும். காற்றைக் கிழிக்கிற கத்தி வடிவத் தண்டு அந்தத் தொழிற்சாலையில் மட்டுமே கிடைக்கும், நாளைக்கு அது மூடினால் பிறேமும் சரி. பின் கியரைத் தாங்குகிற சின்னத் துண்டான ஹாங்கர், யு.டி.எச் என்ற பொது வகையாக இருந்தால் நல்லது. இல்லையென்றால் பிறேமோடு சேர்த்து இன்னும் இரண்டு ஓடர் பண்ணுங்கோ. சைக்கிள் வலப்பக்கம் சரிந்தால் முதலில் வளைவது அதுதான்.

வயர் எல்லாம் ஹெட்செற்றுக்குள்ளால் மறைந்து போகிற வடிவம் இப்போது நாகரிகம். மழையும் உப்புக்காற்றும் உள்ள நாட்டில் ஹெட்செற் பெயரிங் துருப்பிடிக்கும், மாற்றத்தான் வேண்டும். வயர் உள்ளே போகிற சைக்கிளில் அந்தச் சின்ன வேலைக்கு பிறேக் குழாயையே கழற்ற வேண்டி வரும். கீழ்க்குழாயின் பக்கத்தால் வயர் நுழைகிற பிறேமே எங்களுக்கு ஏற்றது. ரயருக்கு 32 மில்லிமீற்றராவது இடம் வேண்டும். எங்கட வீதிகளில் அகன்ற ரயரைக் கொஞ்சம் காற்றுக் குறைத்து ஓடுவது எந்த விலைகூடின காபனையும் விடச் சுகம்.

நிறையைத் துரத்தாதேங்கோ. 800 கிராம் பிறேமுக்கும் 1000 கிராம் பிறேமுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு குவளைத் தண்ணி. அந்த 200 கிராம் சில இடங்களில் சுவரின் தடிப்பாக இருக்கும்.

விற்கிறவரிடம் ஐ.எஸ்.ஓ 4210 சோதனை அறிக்கையைக் கேளுங்கோ. சைக்கிள்களின் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரம் அது. அறிக்கையில் உள்ள மொடல் இலக்கமும் நீங்கள் வாங்குகிற மொடல் இலக்கமும் ஒன்றா என்றும் பாருங்கோ. யு.சி.ஐ முத்திரை இருக்கிறது என்று காட்டினால், அது வடிவமும் அளவும் போட்டி விதிக்குள் இருக்கிறது என்பதற்குத்தான். பிறேமின் வலிமைக்கு அது சான்று அல்ல.

பெட்டி வந்தவுடன் பூட்டத் தொடங்கவேண்டாம். போன் டோர்ச்சை அடித்துக் குழாய்களுக்குள்ளே பாருங்கோ: மடிப்பு, பிளவு, தொங்குகிற நார். ஒரு நாணயக்குற்றியால் மெதுவாகத் தட்டிக்கொண்டு போங்கோ. ஒரே குழாயில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் மந்தமாக மாறினால் சந்தேகப்படலாம். தட்டுவது முழுமையான சோதனை அல்ல, ஆனால் செலவில்லாதது. ஒரு சில்லைப் பூட்டி, பிறேமுக்கு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கோ. எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கோ. முறைப்பாடு செய்வதென்றால் பூட்டுவதற்கு முன்னமே செய்யவேண்டும்.

பூட்டும்போது மறக்கக்கூடாத சாமான் டோர்க் ஸ்பனர். எங்கட சைக்கிள் கடை ஐயாமாரின் கை இரும்புக்குப் பழகின கை, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரும்பு தாங்காவிட்டால் வளைந்து காட்டும். காபன் பெரும்பாலும் காட்டாது, உள்ளே நசிந்துவிட்டு ஒருநாள் முறியும். ஸ்டெம் போல்ட்டுகள் அநேகமாக 5 நியூட்டன் மீற்றர் அளவில்தான் இறுக்கவேண்டும், அந்த எண் பாகத்திலேயே பொறித்திருக்கும். சீற் தண்டுக்கு கிறீஸ் வேண்டாம், மணல்போல் பிடிக்கிற காபன் பேஸ்ற் பூசினால் குறைந்த இறுக்கத்திலேயே வழுக்காமல் நிற்கும். போர்க்கின் மேல்தண்டு காபன் என்றால் அதற்குள் நட்சத்திர நட்டை அடித்து இறக்கக்கூடாது. விரிந்து பிடிக்கிற பிளக்தான் போடவேண்டும். அலுமினியப் பாகம் காபனைத் தொடுகிற இடங்களில் வியர்வையும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் அரித்து ஒட்டிக்கொள்ளும். ஆகவே வருசத்துக்கு ஒருக்கால் கழற்றித் துடைத்துப் பூட்டுங்கோ.

காசு எங்கே போகவேண்டும்? பெயரில்லாத பிறேமும் போர்க்கும் சில நூறு டொலருக்குக் கிடைக்கும். பெரிய பெயர்களின் உச்சப் பிறேம் பல ஆயிரம் டொலர். மிஞ்சிற காசு பிறேக்குக்கும் ரயருக்கும் சில்லுக்கும் போகட்டும். ஹாண்டிலும் ஸ்டெம்மும் நல்ல அலுமினியத்திலேயே இருக்கட்டும், அங்கே காபனால் கிடைக்கிற லாபம் சின்னது, உடைந்தால் வருகிற நட்டம் பெரிது. போர்க்கில் மட்டும் மலிவு பார்க்கவேண்டாம். பழைய சைக்கிளில் ஷிமானோ 105, ரியாக்ரா போன்ற ஒரு குறூப்செற் ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு ஒத்துப்போகிற பிறேமைத் தேடினாலே செலவு பாதியாகும். கப்பல் கூலியும் சுங்க வரியும் விலையோடு சேரும் என்பதை ஓடர் பண்ண முதல் விசாரியுங்கோ. திருப்பி விற்றால் பெறுமதி அநேகமாக இல்லை, ஆகவே வைத்து ஓடுகிறவர்களுக்கே இது சரி.

"இவ்வளவு கரைச்சல் எதற்கு?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதல் றோட் சைக்கிள் தேடுகிற ஒருவருக்கு நாங்கள் இதைச் சொல்லமாட்டோம், அலுமினியத்தில் முழுச் சைக்கிளாக வாங்கச் சொல்லுவோம். ஆனால் போட்டிக்கு ஓட ஆசைப்படுகிற, தன் உயரத்துக்கு இங்கே கடையில் சைக்கிள் கிடைக்காத, வீட்டில் இலட்சக்கணக்கில் கேட்கமுடியாத ஒரு பெடியனோ பெட்டையோ இருந்தால், "பெயர் வாங்கக் காசில்லை என்றால் இந்த விளையாட்டு உனக்கில்லை" என்று சொல்ல எங்களுக்கு மனம் வராது. அந்தக் கதவு திறக்கவேண்டும், பாதுகாப்பாகத் திறக்கவேண்டும்.

அதற்கு எங்கட ஊரிலேயே ஒரு வழி இருந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் வடக்கில் பெற்றோல் இல்லாத காலம் முழுவதும் சனம் ஓடினது சைக்கிளில்தான். 2022 இல் பெற்றோல் வரிசையில் நின்று களைத்தபோதும் நாடு திரும்பிப் பார்த்தது சைக்கிளைத்தான். அந்தக் காலங்களில் சைக்கிளுக்கு உத்தரவாதம் தந்தது கொம்பனி அல்ல, பக்கத்தில் திருத்தத் தெரிந்த ஒரு ஆள். காபனுக்கும் அப்படி ஆக்கள் வேண்டும். ஒரு டோர்க் ஸ்பனரை ஒருவர் தனியே வாங்கினால் செலவு, பத்துப்பேர் சேர்ந்து வாங்கினால் தேத்தண்ணிக் காசு. அதோடு ஒரு கொப்பி: எந்தத் தொழிற்சாலை, எந்த மொடல், எப்போது வந்தது, எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எது கிறீச்சிட்டது, எது வெடித்தது, ஆர் விழுந்தார், விழுந்த பிறகு பிறேம் எப்படி இருந்தது. ஒரு பிறேமில் பிழை தெரிந்தால் அதே பிறேம் வைத்திருக்கிற மற்ற ஆளை நாங்களே கூப்பிட்டுச் சொல்லலாம். பெயர் செய்கிற வேலையில் பெரும்பகுதி அவ்வளவுதான்.

கம்பஸில், கழகத்தில், ஞாயிறு காலை சேர்ந்து ஓடுகிற கூட்டத்தில் இதைத் தொடங்கலாம். கொப்பியின் முதல் பக்கத்தை நிரப்ப ஆர் வாறியள்?