குறட்டை சாட்சி

"எட்டு மணி நேரம் தூங்கறேன் சார். எழுந்திருக்கும்போதே அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு" என்றார் பக்கத்து சீட் நண்பர். முந்தின நாள் சிக்னலில் ஸ்கூட்டரிலேயே கண்ணயர்ந்தாராம். ரத்தசோகை? ஹீமோகுளோபின் 14. (ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனால்தான் சோகை.) தைராய்டு, பி12, சர்க்கரை எல்லாம் நார்மல். இதற்குள் நாலு பாட்டில் டானிக் காலி.

துப்பு கொடுத்தது அவர் மனைவி. "குறட்டை திடீர்னு நின்னுடும். மூச்சே இருக்காது. அப்புறம் திமிறிக்கிட்டு மறுபடி ஆரம்பிப்பார்."

ஸ்லீப் ஆப்னியா! தூக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கின்றன, தடவைக்கு 10 விநாடியாவது. ஒவ்வொரு தடவையும் மூளை பதறித் தட்டி எழுப்புகிறது. ஆசாமிக்கு மட்டும் ஞாபகம் இருப்பதில்லை. மணிக்கு 5 தடவை, கூடவே பகலில் அலுப்பு என்றால் வியாதி. நண்பருக்கு 38! விட்டுவைத்தால் ரத்த அழுத்தமும் ஏறும்.

ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட வைத்தியம்தான் இன்றும்: மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பித் தொண்டையைத் திறந்தே வைப்பது. மாட்டிக்கொண்டால் போர் விமானி மாதிரி இருக்கும், போகட்டும்.

பிரம்மச்சாரிகள் ரூம்மேட்டைக் கேளுங்கள். ராத்திரி தலையணையை எறிகிறானே, அவன்தான் சாட்சி.